ஒற்றைக் கட்டச் சிலேடைப் படம்: வாயில் சிரிப்பு, அச்சில் சப்பென்று ஆவது ஏன்?

செந்தூல்பேனா:
பிராங்க், எர்னஸ்ட் என்ற இருவர் வரும் அமெரிக்கச் செய்தித்தாள் படத்தொடர் ‘பிராங்க் அண்ட் எர்னஸ்ட்’ 1972இல் தொடங்கியது. வரைந்த பாப் தேவ்ஸ் 2006இல் மறைந்த பிறகும் மகன் டாம் தொடர்ந்தார். முழுக்க வார்த்தை விளையாட்டுதான். எங்கள் குடியிருப்பு இதழுக்குத் தமிழில் அப்படி ஒரு பத்தி வரைகிறோம். சொல்லிக் காட்டினால் சிரிக்கிறார்கள், அச்சில் படித்தால் முழிக்கிறார்கள். எங்கே கோளாறு?

ஒற்றுப்பிழை:
அந்தப் படத்தொடரில் முன்கதை கிடையாது. இரண்டு பேரும் இன்றைக்குக் கற்கால மனிதர்கள், நாளைக்கு வேற்றுக் கிரகவாசிகள். எந்த நாளில் பேப்பரைப் பிரித்தாலும் புரியும். நிலைத்து நிற்க அதுவே பாதிக் காரணம்.

உங்கள் கோளாறு பெரும்பாலும் ஒற்று. ‘வேலை’யை எடுத்துக்கொள்ளுங்கள்: பார்க்கிற வேலை, அல்லது வேல்+ஐ. ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம், ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கை வேல். ஒரு ‘க்’ குட்டை உடைத்துவிடும். க, ச, த, ப-வில் தொடங்காத வினையைப் பக்கத்தில் போட்டால் தப்பிக்கலாம். நம் மலேசியப் பத்துமலையின் 140 அடி முருகன் சிலை முன்னால் ஒருவர்:

“எனக்கு ஒரு வேலை வாங்கித் தா, முருகா!”
“என்கிட்டேயே ஒண்ணுதான் இருக்கு. அதுவும் அம்மா கொடுத்தது.”

‘வாங்கி’க்கு முன் எந்தப் பொருளிலும் ஒற்று மிகாது. இன்னொன்று, தமிழில் வினை கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், சிலேடைச் சொல் நடுவில் மாட்டும். அதனால் சிலேடையை முதல் ஆள் வாயிலும் வெடியை இரண்டாம் ஆள் வாயிலும் வையுங்கள். (முருகன் முகத்தைக் கேலியாக வரையாதீர்கள், கடிதம் வரும்.)

ஆயர்ஈத்தாம்வாசி:
ல, ள, ழ விஷயத்தையும் கவனிங்க. பேச்சில் வாழையும் வாளையும் ஒண்ணாக் கேட்கும், அச்சில் ஏதாவது ஒண்ணைத்தான் போட முடியும். எழுத்தில் வாழை, படத்தில் வாளை மீன். இப்படிப் பிரிச்சாத்தான் நிக்கும். புதுசா வரையிறவங்களுக்குச் செம்மொழிச் சிலேடைதான் (சொல்லைப் பிரிக்காமலே ரெண்டு பொருள் தர்றது) பத்திரம். ‘மாலை’யைப் பிரிக்கவே வேண்டாம், பூவும் பொழுதும் அதிலேயே இருக்கு.

மலாய் கலந்தா இங்கே இன்னும் சுவை:

“எங்கே போறே?”
“ஜொகூர் பாரு.”
“பார்த்துட்டேன். எங்கே போறேன்னு சொல்லு!”

ஜொகூர் பாரு ஒரு ஊரு, ‘பாரு’ன்னா மலாயில் புதுசுன்னு சென்னைக்காரருக்கு அடிக்குறிப்பு போட்டா அதோட காலி. பத்துமலையில் மீதி ஒன்பது மலை எங்கேங்கிறது மட்டும் வேண்டாம், புளிச்சுப் போச்சு.

செந்தூல்பேனா:
பிரிமொழிக்கு, அதாவது சொல்லைப் பிரித்தால் வேறு பொருள் தரும் சிலேடைக்கு, பலகை / பல கை யோசித்தோம். எட்டுக் கை அம்மன், பக்கத்தில் தச்சர். சேர்த்து எழுதினால் மரம், இடம் விட்டால் கை. இரண்டும் ஒன்றாக வரவில்லை.

ஒற்றுப்பிழை:
பேச்சுக் குமிழைக் குறுக்கி, சொல்லை வரி ஓரத்தில் உடையுங்கள். தமிழில் வரி உடைய இணைப்புக்கோடு வேண்டாமே:

மேடைக்குப் பல
கை தேவை

‘கை’ தனியாக ஒரு வரியில் நின்றால் அது மட்டும் கண்ணில் குத்தும், ‘தேவை’யும் கூடவே இருக்கட்டும். இரட்டிப்பு அளவில் எழுதிப் பாதியாகச் சுருக்குங்கள், புள்ளிகளை மட்டும் கொஞ்சம் தடிமனாக வையுங்கள். மெல்லிய புள்ளி சுருக்கத்தில் காணாமல் போனால் ‘ப்’ ‘ப’ ஆகிவிடும்.