ஒரு நத்தைதான் விட்டேன், இப்போது கண்ணாடி முழுக்க நத்தை: இவை எவை?

உப்புத்தண்ணி:
ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது, 200 லிட்டர். இரண்டு க்ளவுன் மீன், ஒரு கொத்து ஸோவாந்தஸ் (பவள வகை), ஒரு டர்போ நத்தை, மூன்று மாதத்துக்கு முன் விட்ட உள்ளங்கை அளவு ட்ரைடாக்னா சிப்பி. நத்தை என்று நான் விட்டது அந்த டர்போ ஒன்றுதான்.

போன வாரம் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவன், சும்மா டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பக்கக் கண்ணாடியில் நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். மிளகைவிடச் சின்னது, உருண்டை, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். பகலில் ஒன்றுகூட வெளியே வருவதில்லை. இது போதாதென்று சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) சுவரில் வெள்ளையாகச் சுருள் சுருளாகப் பொட்டுகள். நகத்தால் சுரண்டினால்தான் வருகின்றன.

நன்னீர் மீன் வளர்த்த காலத்தில் நத்தைக்கென்று வாங்கிய செம்பு மருந்து இன்னும் அலமாரியில் இருக்கிறது. கொஞ்சமாக விடலாமா?

பாசிக்காரன்:
முதலில் அந்த பாட்டிலை அலமாரியிலிருந்தே எடுத்துவிடுங்கள். செம்பு நத்தையோடு நிற்காது, பவளம், சிப்பி, இறால் எல்லாம் போய்விடும். பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கக்கும்.

உருண்டையானவை கொலோனிஸ்டா என்ற குட்டி நத்தை இனம் போலத் தெரிகிறது. ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் வளராது, பாசியைத் தின்னும், விளக்கணைந்த பிறகே வெளியே வரும். லைவ் ராக்கோடு (சிற்றுயிர்கள் குடியிருக்கும் பாறை) ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள்: வாயை மூடும் கதவு வெள்ளையாக, கல் மாதிரி கெட்டியாக இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. கூட்டம் பெருகுகிறது என்றால் பாசி அதிகம் என்று பொருள், தீனியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். என் தொட்டியிலும் இருக்கின்றன, நான் கண்ணாடி தேய்ப்பது பாதியாகக் குறைந்துவிட்டது.

சம்ப்பில் இருப்பது நத்தையே இல்லை. ஸ்பைரார்பிட் என்னும் குழாய்ப் புழு, தண்ணீரை வடிகட்டித் தின்னும். ஊர்ந்து போகிறதா என்று பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். விட்டுவிடுங்கள்.

சிப்பி வளர்ப்பவள்:
மேலே சொன்னது சரி. ஆனால் ட்ரைடாக்னா இருக்கிறது என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. இன்று இரவு கண்ணாடியை விட்டுவிட்டு சிப்பியையும் டர்போவையும் பாருங்கள். உடைந்த அரிசி போல வெள்ளையாக, கூம்பாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

உப்புத்தண்ணி:
பார்த்தேன். சிப்பியில் எதுவும் தெரியவில்லை. டர்போவின் ஓட்டு விளிம்பில், சதை வெளியே வரும் இடத்தை ஒட்டி ஐந்து. இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். லென்ஸில் பார்த்தால் கூர்நுனிக் கோபுரம். அது நகரும்போதும் இவை உதிரவில்லை. குட்டிகளா?

சிப்பி வளர்ப்பவள்:
குட்டி இல்லை, பைரமிடெல்லிட் என்ற வேறு நத்தை. பாசியைச் சுரண்டும் பல்நாக்கே அவற்றுக்குக் கிடையாது, உறிஞ்சுகுழலை நீட்டிச் சதையில் குத்திச் சாறு குடிக்கும் ஒட்டுண்ணி. சாப்பிடும் இடத்தில்தான் உட்காரும், அதனால் கண்ணாடியில் எண்ணிக்கொண்டிருந்தால் அகப்படாது. நான் அப்படித்தான் ஒரு சிப்பியைப் பறிகொடுத்தேன். ஓரம் சுருங்குகிறதே, வெளிச்சம் போதவில்லை போல என்று விளக்கை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

டர்போவைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்துக்கு மாற்றி, பழைய பல்துலக்கியால் ஓடு முழுக்கத் தேயுங்கள். சின்ன ஜெல்லித் துளி போல முட்டை ஒட்டியிருக்கும், அதையும் விடாதீர்கள். கிண்ணத் தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். சிப்பியின் அடிப்பக்கம்தான் அவை பகலில் ஒளியும் இடம், அங்கேயும் பாருங்கள். ஆனால் அது நூல் விட்டுப் பாறையைப் பிடித்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், அடிச்சதை பிய்ந்தால் பிழைப்பது கடினம். பாறையோடு தூக்குங்கள். சிக்ஸ்லைன் ராஸ் மீன் இவற்றைக் கொத்தும் என்பார்கள். கொத்தலாம், அதை நம்பி உட்காராதீர்கள்.

உப்புத்தண்ணி:
டர்போவில் மொத்தம் ஒன்பது. மூன்று இடத்தில் ஜெல்லி. சிப்பியைப் பாறையோடு தூக்கியதில் அடியில் இரண்டு. வாரம் இரண்டு இரவு பார்ப்பதாக முடிவு. உருண்டைகள் அப்படியே இருக்கட்டும். செம்பு மருந்து குப்பைக்குப் போய்விட்டது.