வெள்ளைத் தாடி முடி தடிமனா, இல்லையா?

சவரக்கத்தி: "நரைச்ச முடி கறுப்பைவிடத் தடிமன், அதனாலதான் தோலுக்குள்ளேயே குத்திக்கிட்டு வளருது"ன்னு நேத்து ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதிலேர்ந்து மனசு ஆறல. இருபத்தாறு வருஷமா அடுத்தவங்க தாடியைத் தொட்டுப் பிழைக்கிறவன் சொல்றேன்: என் கைக்குத் தடிமன்னு படல. முடிக்குழியில மெலனின் தர்ற செல் தீர்ந்துபோச்சு, நிறம் போச்சு. அவ்வளவுதான்.

நரைமீசை: எழுதினது நான்தான். தாடையில கறுப்புல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணு பிடுங்கி விரலிடுக்குல உருட்டினேன். வெள்ளை கம்பி மாதிரி நெருடுது, கறுப்பு நூல் மாதிரி வழுக்குது. என் விரல் பொய் சொல்லுமா?

சவரக்கத்தி: ஒத்தை முடியை வெச்சா தீர்ப்பு? ஒரே முகத்துல முகவாய்க்கு ஒரு பருமன், காதோரம் ஒரு பருமன். முரடு வேற, தடிமன் வேற. வயசானா தோல்ல எண்ணெய்ப்பசை குறையும், முடி வறண்டு நிக்கும். ரெண்டு மூணு நிமிஷம் வெந்நீர்ல ஊறவிடுங்க, எந்த நிறமா இருந்தாலும் இளகும்.

கண்ணாடிமுன்: அண்ணே, தாடியில வெள்ளை முடி கறுப்பைவிட வேகமா வளருதுன்னு 1995-லயே தோல் மருத்துவ இதழ்ல வந்திருக்கு.

சவரக்கத்தி: வேகத்தை யார் கேட்டா? பேச்சு தடிமனைப் பத்தி.

நரைமீசை: அப்ப நாப்பது வயசு வரைக்கும் இல்லாத கொப்புளம் இப்ப ஏன்? போன வாரம் தாடைக்குக் கீழ ஒண்ணு. கறுப்பா இருந்தா புள்ளி வெச்ச மாதிரித் தெரியும். இது வெறும் சிவப்பு வீக்கம். வெளிச்சத்தைப் பக்கவாட்டுல அடிச்சு, பெரிசாக் காட்டுற கண்ணாடியில பார்த்தா, தோலுக்கடியில வளையமாச் சுருண்டு கிடக்கு வெள்ளை முடி. கம்பிச் சுருள்!

சவரக்கத்தி: தெரியாததுக்குக் காரணம் நிறம். சுருண்டதுக்குக் காரணம் உங்க அஞ்சு பிளேடு ரேசர். ரெட்டை பிளேடு 1971-ல வந்ததிலேர்ந்தே இதே கதை: முதல் பிளேடு முடியை இழுக்கும், அடுத்தது வெட்டும், நறுக்கின முனை தோலுக்குக் கீழ போய் ஒளிஞ்சுக்கும். நீங்க தோலை இழுத்துப் பிடிச்சு, முடி வளர்ற வாக்குக்கு எதிரா வேற மழிக்கிறீங்க. வாக்குலயே போங்க, ஒட்ட மழிக்காதீங்க. தடிமன் மேல பழியைப் போடாதீங்க.

கண்ணாடிமுன்: லேசர் பண்ணிக்கலாமே?

நரைமீசை: விவரம் தெரியாம வாயைத் திறக்காதீங்க தம்பி. லேசர் மெலனினைத்தான் பிடிக்கும், வெள்ளை முடியில எதைப் பிடிக்கும்? நான் காசைக் கரியாக்கினவன். ஊசி வழியா மின்சாரம் விடுறதுதான் ஒரே வழி. அது 1875-லயே கண்ணுக்குள்ள வளர்ற இமைமுடிக்காக வந்தது.

சவரக்கத்தி: மழிக்க மழிக்கத் தடிக்கும்னு போன மாசம் சாதிச்சவர்தானே நீங்க? 1928-லயே மில்ட்ரெட் டிராட்டர்ங்கிற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் அளந்து பார்த்து இல்லைன்னு காட்டிட்டாங்க. அன்னிக்கும் இதே "கம்பி" பாட்டுதான்.

நரைமீசை: பழசை ஏன் கிளர்றீங்க? அன்னிக்கு என்னை "முட்டாள்"னு சொன்னதுக்கு இன்னும் மன்னிப்பு வரல.

சவரக்கத்தி: தடிமன்னு நிரூபிங்க, கேட்கிறேன்.

நரைமீசை: சரி. காலையில பத்து முடி பிடுங்கி உருட்டிட்டு வர்றேன்.

சவரக்கத்தி: பிடுங்காதீங்கய்யா! பிடுங்கின குழியில திரும்ப முளைக்கிறப்பத்தான் உள்ளேயே திரும்பிக்கும்.

நரைமீசை: பத்து இல்லை, இருபது.