எண்ணெய் படிந்த கரையைக் கழுவுவதா, விட்டுவிடுவதா?

பாறைநத்தை:
எண்ணெயைவிட, அதைச் சுத்தம் செய்த விதமே அதிக உயிர்களைக் கொன்ற கரைகள் உண்டு. 1967இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே தரைதட்டியபோது, எண்ணெயைக் கலைக்கச் சுமார் 10,000 டன் சலவைக் கரைசலைக் கொட்டினார்கள். எண்ணெயைத் தாங்கியிருக்கக்கூடிய பாறை நத்தைகள் அந்தக் கரைசலில் செத்தன. மேய்வதற்கு நத்தை இல்லாததால் பாசி பாறையெல்லாம் மூடியது. கரைசல் படாத கரை இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறியது; பட்ட கரைக்குப் பத்தாண்டுக்கும் மேலானது.

நீர்நாய்:
அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? 1969இல் அமெரிக்காவின் வெஸ்ட் ஃபால்மத் சதுப்பில் கொட்டிய எண்ணெய், 30 ஆண்டு கழித்தும் சேற்றுக்குள் இருந்தது. அங்கிருந்த நண்டுகள் ஆழமாக வளை தோண்டவில்லை. எண்ணெய் அடுக்கை எட்டியதும் திரும்பிவிட்டன. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைப்பது அவ்வளவு மெதுவாக நடக்கிறது. இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாறைநத்தை:
நண்டுகள் பட்ட பாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சேற்றை வாரியிருந்தால்? 1978இல் அமோகோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பல் விபத்துக்குப் பிறகு பிரான்ஸின் பிரிட்டானிச் சதுப்பில் புல்டோசர் விட்டு எண்ணெயோடு மண்ணையும் அள்ளினார்கள். தொடாத இடத்தில் புல் முதலில் திரும்பியது. அள்ளிய இடம் பின்தங்கியது. அலாஸ்காவில் 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் சுமார் 4 கோடி லிட்டர் எண்ணெயைக் கொட்டியபோதும் இதே கதைதான். சூடான தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சியதில், எண்ணெயில் தப்பிய சிப்பியும் பாசியும் வெந்துபோயின.

நீர்நாய்:
சரி, சுடுநீர் தவறு. ஆனால் அதே அலாஸ்காவில் கூழாங்கற்களுக்கு அடியில் எண்ணெய் தங்கிவிட்டது. சிப்பி தேடித் தோண்டிய கடல் நீர்நாய்கள்மீது அது பட்டது. நீர்நாய்களின் எண்ணிக்கை பழையபடி ஆக ஏறத்தாழ 25 ஆண்டு பிடித்தது. ஓர்க்கா என்ற கொலைத் திமிங்கலங்களின் கூட்டம் ஒன்றில் 22இல் 9 போயின. அந்தக் கூட்டத்தில் அப்புறம் குட்டியே சேரவில்லை. எண்ணெயை அங்கேயே விடுவதற்கும் விலை உண்டு, அதைக் கொடுப்பது நாம் அல்ல.

அலைமேடை:
இருவரும் வெவ்வேறு கரைகளைப் பேசுகிறீர்கள். அலை அறையும் பாறையில் எண்ணெய் தானே கழன்றுபோகும். அலை எட்டாத சேற்றில் போகாது. எங்கும் ஒரே மருந்து என்பதுதான் ஆபத்து.

பாறைநத்தை:
ஒப்புக்கொள்கிறேன். கடலில் மிதக்கும்போதே மிதவைத் தடுப்புப் போட்டு அள்ளுவதை நானும் எதிர்க்கவில்லை. அலாஸ்காவில் முதலில் கிட்டத்தட்ட மூன்று நாள் கடல் அமைதியாக இருந்தது. போதிய கருவிகள் வந்துசேரவில்லை. அப்புறம் புயல் எழுந்தது.