ஹார்ட்டிகல்ச்சுரல்: எத்தனை சிலபிள், அழுத்தம் எங்கே?

வேன்காரர், அஸ்தம்பட்டி:
வணக்கங்க. சேலம் – ஏற்காடு வழியில் 18 வருடமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். போன வாரம் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தம்பதியை ஏற்றிப் போனேன். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து, தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி ஆங்கிலத்தில் "ஹார்ட்டி, கல்ச்சர், ஆல்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மூன்று தடவை சொல்லியும் அவர்களுக்குப் புரியவில்லை. பெயர்ப் பலகையைக் காட்டியதும் அந்த அம்மா சொன்னார். அதில் நடுவே வந்த "கல்" மட்டும்தான் எனக்குப் பளிச்சென்று கேட்டது. இத்தனை வருடம் தப்பாகச் சொல்லி வந்தேனா என்று மனசு கேட்கவில்லை. மகன் ஐந்து சிலபிள் என்கிறான். பள்ளியில் படித்தபடி நேர், நிரை பிரித்தால் எனக்கு மூன்றுதான் வருகிறது. எது சரிங்க?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, சேலம்:
இரண்டும் சரிதான் தம்பி. யாப்புக் கணக்கில் ஹார்ட் நேர், டிகல்ச் நிரை, சுரல் நிரை. நிரையசையில் இரண்டு உயிரோசை இருக்கும். ஆங்கிலத்தில் ஓர் உயிரோசைக்கு ஒரு சிலபிள். "மலர்" நமக்கு ஓரசை, அந்தக் கணக்கில் இரண்டு. அதனால் ஹார்-டி-கல்-ச-ரல், ஐந்து.

நாம் தமிழில் எழுத்துக்கு எழுத்து நியாயம் செய்து பழகியவர்கள். ஆங்கிலத்தில் ஒரு சிலபிள் ஓங்கி நிற்கும், பக்கத்தில் இருப்பவை சுருங்கிவிடும். கேட்பவர் காது அந்த ஓங்கிய இடத்தைத்தான் தேடும். நீங்கள் கடைசியில் "ஆல்" என்று நீட்டியதும் அது தனி வார்த்தையாகக் கேட்டிருக்கும்.

பகுபதம் போலப் பிரித்துப் பாருங்கள். லத்தீனில் ஹோர்ட்டுஸ் என்றால் தோட்டம், குல்த்தூரா என்றால் பயிர் செய்தல், கடைசி "அல்" பெயரடை ஆக்கும் விகுதி. ஹார்ட்டிகல்ச்சர் என்று நின்றால் அழுத்தம் முதல் சிலபிளில். "அல்" ஒட்டியதும் அது மூன்றாவதுக்கு, "கல்"லுக்கு, நகர்ந்துவிடும். அகராதியில் அந்தச் சிலபிளுக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். கீழே இருக்கும் கோடு இலேசான அழுத்தத்துக்கு. இன்னொன்று: பொருள் பிரிகிற இடமும் ஓசை பிரிகிற இடமும் ஒன்றல்ல. கல்ச்சரின் கடைசி "ர்", விகுதியோடு சேர்ந்து "ரல்" ஆகிவிடுகிறது பாருங்கள்.

நாற்றுப் பண்ணைக்காரன், ஏற்காடு:
அம்மா சொன்னதை ஒன்றில் பிடித்துக்கொண்டால் போதும், குடும்பமே வசப்படும். விவசாயத்துக்கு அக்ரிகல்ச்சர், பூ வளர்ப்புக்கு ஃப்ளோரிகல்ச்சர், பட்டுப்புழுவுக்குச் செரிகல்ச்சர். எல்லாவற்றிலும் முதலில் அழுத்தம், "அல்" சேர்ந்தால் "கல்"லில். நான் தொடையில் ஐந்து தட்டு தட்டி, மூன்றாவதை மட்டும் ஓங்கித் தட்டிப் பழகினேன்.

வேன்காரர், அஸ்தம்பட்டி:
ரொம்ப நன்றிங்க. இன்று மலையேறும்போது ஸ்டியரிங்கில் விரலால் தட்டிச் சொல்லிக்கொண்டே போனேன், நாக்கு வழிக்கு வந்துவிட்டது. அப்புறம், பொட்டானிக்கல் கார்டன் என்பதற்கும் இதே கணக்கா?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, சேலம்:
பாட்டனி என்றால் முதல் சிலபிள். "இக்கல்" என்று முடிந்தால் அதற்கு முந்தின சிலபிள். அதனால் ப-டா-னி-கல், "டா"வில் ஏற்றம். முதல் எழுத்து "பொ" என்று முழுசாக வராது, மங்கிப்போகும். இங்கே கடைசியில் வரும் "கல்" மெலிந்தது. ஹார்ட்டிகல்ச்சுரல் பழக்கத்தில் அதை ஓங்கிவிடாதீர்கள்.