நிமிடத்துக்கு 102 சுற்றுதான்: இவ்வளவு பெரிய கப்பல் எஞ்சின் ஏன் இத்தனை நிதானமாகச் சுழல்கிறது?

கேள்வி: பொன்மலைப் பையன்

என் அப்பா பொன்மலை ரயில்வே டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவர். சிறுவயதில் ஒருமுறை அவருடன் உள்ளே போனபோது, ஒரு லோகோவின் 16 சிலிண்டர் ஆல்கோ எஞ்சின் ஓடத் தொடங்கியதும் காலடியில் தரை அதிர்ந்தது. அந்த அதிர்வு இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது. 2,600 குதிரைத் திறன், நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று அப்பா சொன்னார். உலகிலேயே பெரிய டீசல் எஞ்சின் அதுதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

அண்மையில், 2006-ஆம் ஆண்டு கடலுக்கு வந்த எம்மா மார்ஸ்க் கப்பலின் எஞ்சினைப் பற்றிப் படித்தேன். வார்ட்சிலா-சுல்சர் ஆர்டி-ஃப்ளெக்ஸ்96சி என்ற வகை. 14 சிலிண்டர், 2,300 டன் எடை, 13.5 மீட்டர் உயரம். அதன் திறன் 80,080 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 1,09,000 குதிரைத் திறன். அப்பாவின் லோகோக்களில் நாற்பதுக்கும் மேல் சேர்ந்தால்தான் அதற்கு ஈடாகும். ஆனால் முழுத் திறனில் ஓடும்போதும் அது சுழல்வது நிமிடத்துக்கு 102 சுற்றுதான். இவ்வளவு பெரிய எஞ்சின் ஏன் இத்தனை மெதுவாகச் சுழல வேண்டும்? அதன் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் இங்கே இருந்தால், அது எப்படி இருக்கும் என்பதையும் எழுத வேண்டுகிறேன்.

பதில்: கணக்கு வாத்தியார்

சுற்று குறைவு என்பது உண்மை. ஆனால் சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் மெதுவாகப் போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் அப்பாவின் ஆல்கோவில் பிஸ்டன் ஒரு முறை மேலிருந்து கீழே வரும் தூரம் சுமார் 267 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுற்றிலும் அது ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறும், ஆகவே நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 8.9 மீட்டர். கப்பல் எஞ்சினிலோ அந்தத் தூரம் 2,500 மில்லிமீட்டர். 102 சுற்றுக்குக் கணக்கிட்டால் நொடிக்கு 8.5 மீட்டர் வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆள் உயரத்தைத் தாண்டிய தூரத்தை ஒவ்வொரு முறையும் கடக்க வேண்டியிருப்பதால்தான் அதன் சுற்று எண்ணிக்கை குறைந்துவிடுகிறது.

மெதுவான சுழற்சியால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது கப்பலின் புரொபெல்லர். எம்மா மார்ஸ்கின் புரொபெல்லர் 9.6 மீட்டர் விட்டமும் 130 டன் எடையும் கொண்டது. பெரிய புரொபெல்லர் நிதானமாகச் சுழன்று நிறைய நீரை மெல்லத் தள்ளும்போதுதான் ஆற்றல் வீணாவது குறையும். எஞ்சினே அந்த வேகத்தில் சுழல்வதால் நடுவே கியர்பாக்ஸ் தேவைப்படவில்லை. இரண்டாவது எரிபொருள். இதில் எரிவது சுத்திகரிப்பு ஆலையில் கடைசியாக மிஞ்சும் கெட்டியான எண்ணெய். நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றினால்தான் ஊசித் துளைகளின் வழியே பீய்ச்ச முடியும். அப்படிப்பட்ட எண்ணெய் முழுமையாக எரிந்து முடிய நேரம் வேண்டும், இந்த எஞ்சின் அதைக் கொடுக்கிறது. எரிபொருளில் உள்ள ஆற்றலில் பாதிக்கும் மேல் அச்சுக்கு வந்து சேர்கிறது. 1897-இல் ருடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் அது கால் பங்கைச் சற்றே தாண்டியிருந்தது, அதுவே அன்றைக்குப் பெரிய சாதனை.

பதில்: இரண்டாம் எஞ்சினியர்

தம்பி, பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அதன் உள்ளேயே இருந்திருக்கிறேன். நான் வேலை பார்த்தவை இதைவிடச் சிறியவை, ஆனாலும் இதே இனத்தைச் சேர்ந்தவை.

துறைமுகத்தில் எஞ்சினை நிறுத்தி, அதை ஓடவைக்கும் காற்றுக் குழாயை அடைத்து, நின்ற எஞ்சினை மெல்லச் சுழற்றும் மின்மோட்டார் அமைப்பான டர்னிங் கியரைப் பொருத்திவிட்டு, உள்ளே சூடு தணியும்வரை காத்திருப்போம். பிறகு பக்கவாட்டில் உள்ள கதவைத் திறந்து, காற்றைச் சோதித்துவிட்டு, ஒருவர் டார்ச்சுடன் பிஸ்டனுக்கு அடியிலுள்ள அறைக்குள் தவழ்ந்து போக வேண்டும். சட்டைப் பையில் ஒரு பேனாகூட இருக்கக் கூடாது. உள்ளே கரியும் எண்ணெயும் குழைந்த சேறு முழங்கையில் ஒட்டும். சூடு இன்னும் முழுதாக இறங்கியிருக்காது. தலைக்கு மேலே, சிலிண்டரின் உட்சுவரான லைனரின் அடிப்பகுதியில், காற்று புகுவதற்கான துளைகள் வட்டமாக அமைந்திருக்கும். நாம் குரல் கொடுத்ததும் வெளியே இருப்பவர் டர்னிங் கியரை ஓட்டுவார். ஒரு சுற்றுக்கே பல நிமிடங்கள் ஆகும் வேகத்தில், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலமுள்ள பிஸ்டன் அந்தத் துளைகளைக் கடந்து சத்தமே இல்லாமல் இறங்கி வரும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் ஒவ்வொரு ரிங்காக வெளிச்சத்தில் பளபளக்கும்போது, அது உடைந்திருக்கிறதா, கரி பிடித்து இறுகியிருக்கிறதா என்று மரக்குச்சியால் அழுத்திப் பார்ப்போம். நல்ல ரிங் குச்சியை எதிர்த்துத் திரும்பத் தள்ளும்.

முழு வேகத்தில் ஓடும்போது காதுக் கவசத்தையும் மீறி அதன் துடிப்பை நெஞ்சில் உணரலாம். ஆனால் என்னை வியக்கவைத்தது எப்போதும் அந்த மௌனமான இறக்கம்தான்.

கேள்வி கேட்டவர்: பொன்மலைப் பையன்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கியர்பாக்ஸ் இல்லையென்றால் கப்பல் எப்படிப் பின்னோக்கிப் போகும் என்று அவர் கேட்கிறார்.

பதில்: இரண்டாம் எஞ்சினியர்

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், தொழில் தெரிந்தவரின் கேள்வி இது. எஞ்சினையேதான் எதிர்த்திசையில் சுழலவைக்கிறோம். எண்ணெயை நிறுத்தி, சுழற்சி போதுமான அளவு குறைந்ததும், சுமார் 30 பார் அழுத்தத்தில் சேமித்து வைத்திருக்கும் காற்றை, சிலிண்டர்களுக்குள் தலைகீழ் வரிசையில் செலுத்துவோம். காற்றின் உதைப்பில் எஞ்சின் பின்பக்கமாகச் சுழலத் தொடங்கியதும் எண்ணெயைத் திறப்போம். பழைய எஞ்சின்களில் இதற்காக, வால்வையும் எண்ணெய்ப் பாய்ச்சலையும் நேரத்துக்கு இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. எம்மா மார்ஸ்கில் உள்ள வகையில் கேம்ஷாஃப்டே கிடையாது. எண்ணெய் எப்போது பாய வேண்டும், வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது.

பதில்: வடகடல் பயணி

கப்பலில் ஏறாமலே இப்படி ஒன்றைப் பார்க்க விரும்பினால் கோபன்ஹேகன் நகரில் வாய்ப்பு உண்டு. பர்மைஸ்டர் அண்ட் வைன் நிறுவனம் 1932-இல் அங்குள்ள மின் நிலையத்துக்காகக் கட்டிய 22,500 குதிரைத் திறன் கொண்ட டீசல் எஞ்சின், முப்பது ஆண்டுகள் உலகிலேயே பெரியதாக இருந்தது. இன்று அந்தக் கூடம் அருங்காட்சியகமாகியிருக்கிறது. எட்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் மேலேயும் கீழேயும் எண்ணெய் எரியும். பார்வையாளர்களுக்காகவே அதை ஓட்டிக்காட்டும் நாட்கள் உண்டு. உங்கள் அப்பாவை அழைத்துச் செல்ல முடிந்தால், அப்படி ஒரு நாளாகப் பார்த்துப் போங்கள்.