சிவப்பு விளக்கில் காலை ஊன்ற என்ன கஷ்டம்?

வெள்ளைக் கார்:
திருவான்மியூர் ஜெயந்தி சிக்னலில் காலை ஆபீஸ் நேரத்தில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. வரிசையில் முதல் ஆளாக ஒரு சைக்கிள். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, மெல்லிய டயர் போட்ட வண்டி. சிவப்பு விழுந்து எல்லாரும் நின்றாயிற்று. இவர் மட்டும் காலைக் கீழே வைக்க மாட்டார். இரண்டு காலும் பெடலில், பிருஷ்டம் சீட்டைத் தொடாமல், ஒரு ஜாண் முன்னால், ஒரு ஜாண் பின்னால் என்று ஆடிக்கொண்டே இருப்பார். முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பி, அதாவது நான் போகவேண்டிய பாதையைப் பார்த்தபடி இருக்கும்.

எனக்கு அந்த நேரம் முழுக்க வேறு வேலையே இல்லை. இவர் வலது பக்கம் வெட்டப் போகிறாரா, விழப் போகிறாரா, சிவப்பிலேயே கிளம்பப் போகிறாரா என்று பார்த்துக்கொண்டு கிளட்சில் காலை வைத்திருக்கிறேன். வித்தை காட்ட பெசன்ட் நகர் கடற்கரை இருக்கிறது. சிக்னலில் எதற்கு? சைக்கிள்காரர்கள் யாராவது விளக்குங்கள்.

ஒற்றைக்கியர்:
அந்த ஆள் நான் இல்லை, ஆனால் நானும் அப்படித்தான் நிற்கிறேன். எங்கள் பாஷையில் இதற்கு ட்ராக்ஸ்டாண்ட் என்று பெயர். விளக்குகிறேன்.

முதலில், சக்கரம் ஏன் வலப்பக்கம்? நம் ரோடு நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு, மழைத் தண்ணீர் வடிவதற்காக. நாம் இடது ஓரமாகப் போகிறோம். அதனால் வலப்பக்கம்தான் மேடு. முன்சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி வைத்தால், பெடலை லேசாக அமுக்கும்போது வண்டி முன்னால் ஏறும், அழுத்தத்தை விட்டால் தானாகப் பின்னால் இறங்கும். சக்கரம் திரும்பியிருப்பதால் அந்த முன்பின் அசைவு இடவல அசைவாக மாறும். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சக்கரத்தைக் கொண்டுபோய் அடியில் முட்டுக் கொடுப்பதுதான் மொத்த சூத்திரம். உங்கள் காரை வெட்ட அல்ல சார்.

அப்புறம், இது கடற்கரை வித்தை இல்லை. வெலோட்ரோமில், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கென்றே கட்டிய வட்டப் பாதையில், ஸ்பிரிண்ட் பந்தயத்தில் பிறந்தது. முன்னால் போகிறவன் காற்றை வெட்ட வேண்டும், பின்னால் வருகிறவன் அவன் மறைவில் சுகமாக வருவான். அதனால் இரண்டு பேருமே முன்னால் போக மாட்டார்கள், அப்படியே நிற்பார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் பெட்டெனெல்லாவும் பிரான்ஸின் ட்ரெந்தனும் இப்படி 21 நிமிடம் 57 விநாடி நின்றார்கள். பார்க்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும் என்று இப்போது 30 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என விதி போட்டுவிட்டார்கள்.

ரோட்டில் இதற்கு ஒரே பயன்தான். பச்சை விழுந்த நொடியில் தடுமாறாமல் கிளம்பலாம். க்ளீட் போட்ட, அதாவது பெடலோடு பூட்டிக்கொள்ளும் ஷூவைப் பெடலிலிருந்து கழற்றி மாட்டும் அவதியும் இல்லை. நான் சீக்கிரம் கிளம்பினால் பின்னால் நிற்கும் உங்களுக்கும் நல்லதுதானே?

வெள்ளைக் கார்:
சூத்திரம் எல்லாம் பிரமாதம். ஆனால் ரோடு சரிவாக இருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்ப்பது சக்கரம் என் பக்கம் திரும்பி, வண்டி அசைவதை மட்டும்தான். ஓட்டுகிறவன் மனதில் இருப்பதைச் சக்கரம் காட்டும் என்றுதான் எல்லாரும் வண்டி ஓட்டுகிறோம். இண்டிகேட்டரே போடாத ஊரில் முன்சக்கரத்தைப் பார்த்துத்தான் உயிர் பிழைக்கிறோம்.

வெலோட்ரோமில் பின்னால் லாரி நிற்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லவன்காரர்:
வணக்கம். மாநகர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். மாநகர பஸ்ஸுக்குப் பல்லவன் என்று பெயர் இருந்த காலத்தில் சேர்ந்தேன். இரண்டு பேரும் சொல்வதைப் படித்தேன், ஒன்று மட்டும் சொல்கிறேன்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் முன் கண்ணாடிக்கு நேர் கீழே இருப்பது சரியாகத் தெரியாது. பம்பரை ஒட்டி நிற்கும் சைக்கிளில் எனக்குத் தெரிவது ஒரு தலையும் இரண்டு தோளும். கையையோ காலையோ பார்க்க முடியாது. காலை ஊன்றியவனுக்கு ஒரு பக்கத் தோள் இறங்கிவிடும், இடுப்பு அந்தப் பக்கம் சாயும். அதைப் பார்த்தால் சரி, இவன் நின்றுவிட்டான், இனி பச்சை விழும்வரை நகரமாட்டான் என்று நானும் கண்ணாடி, படிக்கட்டு, பயணி என்று மற்ற வேலையைப் பார்ப்பேன். இந்தத் தம்பி மாதிரி நிற்பவனுக்குத் தோள் இறங்காது. தலை மட்டும் முன்னும் பின்னும் ஆடும். நின்றானா, போகிறானா? தெரியாது. அவன் பின்னால் ஒரு ஜாண் உருளும்போது அது என் பம்பர் பக்கம் உருள்கிறது.

இதைவிட மோசம் இடது பக்கம். படிக்கட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் சைக்கிள் எனக்கு இல்லாத சைக்கிள்தான். இடப்பக்கம் திரும்பும் பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அங்கே நின்று வித்தை காட்டினாலும் சரி, காலை ஊன்றினாலும் சரி, ஆபத்து ஒன்றுதான்.

ஒற்றைக்கியர்:
அண்ணே, இடது பக்கம் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. பஸ் ஓரம் நான் நுழைவதே இல்லை. ஆனால் காலை ஊன்றினால்தான் நம்புவேன் என்பது எப்படி? பைக்காரர்கள் ஒரு காலைத் தரையில் வைத்துக்கொண்டே ஆக்சிலேட்டரை முறுக்கி, டைமர் மூன்றுக்கு வரும்போதே பாய்கிறார்கள். ஊன்றிய கால் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

வெள்ளைக் கார்:
பைக்காரன் தப்பு செய்கிறான் என்பது உங்களுக்கு லைசென்ஸா? அவனுக்காவது நம்பர் பிளேட் இருக்கிறது, கேமரா பிடிக்கும். உங்களுக்கு லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, வரி இல்லை, எந்தச் சட்டமும் உங்களைத் தொடாது. அதனால்தான் இந்த தைரியம்.

தேனாம்பேட்டை அக்கா:
சட்டம் தொடாதா? மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் உள்ள வண்டிகளுக்கானது, சரி. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதா 281ஆம் பிரிவு பொதுப்பாதையில் உயிருக்கு ஆபத்தாக எந்த வாகனத்தை ஓட்டினாலும் பொருந்தும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 279. அதில் சைக்கிளும் வாகனம்தான். உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள், லைட் இல்லாமல் போனதற்கும் டபுள்ஸ் போனதற்கும் சைக்கிளை ஓரங்கட்டி, டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்ட போலீஸ்காரர் கதை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும்.

நான் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். கூடை வைத்த சாதாரண வண்டி, சுடிதார், கைப்பை. எனக்கு ட்ராக்ஸ்டாண்ட் தெரியாது, கற்றுக்கொள்ளவும் ஆசையில்லை. சிவப்பு விழுந்தால் சீட்டிலிருந்து இறங்கி, காலை ஊன்றி, ஒழுங்காக நிற்கிறேன். பச்சை விழுந்ததும் என்ன நடக்கிறது தெரியுமா? பெடலை மேலே கொண்டுவந்து, மிதித்து, சீட்டில் ஏறி உட்கார மூன்று நான்கு விநாடி ஆகும். அதற்குள் பின்னாலிருந்து ஹார்ன். காலை ஊன்றாதவருக்கும் ஹார்ன், ஊன்றியவளுக்கும் ஹார்ன். வெள்ளைக் கார் சார், உங்களுக்கு வேண்டியது கால் இல்லை. சைக்கிளே அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். அதே சிக்னலில் கேரியரில் டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகள், இரண்டு பக்கமும் தண்ணீர் கேன் தொங்கவிட்டவர் எல்லாரும் நிற்கிறார்கள். சில பேர் நிற்காமலும் போகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் இப்படி ஒரு விவாதம் தொடங்குவதில்லை. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டால்தான் கோபம் வருகிறது.

வெள்ளைக் கார்:
ஏனென்றால் டீ கேன்காரர் என்னைப் பார்த்து, கையைக் காட்டி, "சார் போங்க" என்பார். இல்லையென்றால் "இருங்க சார்" என்பார். கறுப்புக் கண்ணாடிக்காரர் என்னைத் திரும்பியே பார்ப்பதில்லை. கண்ணும் தெரியாது, காலும் ஊன்ற மாட்டார். அவரோடு நான் எப்படிப் பேசுவது?

ஹார்ன் விஷயத்தில் உங்களுக்கு நான் ஹார்ன் அடித்ததாக நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். நான் அடிப்பதில்லை.

குராய்டன்வாசி:
லண்டன் பக்கத்திலிருந்து ஒரு குரல். இங்கே சிக்னலில் இரண்டு கோடு. கார்கள் முதல் கோட்டில் நிற்க வேண்டும், அதற்கும் முன்கோட்டுக்கும் நடுவே சைக்கிளுக்கென்று ஒரு பெட்டி. 1984இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. சிவப்பில் கார் வந்து அந்தப் பெட்டிக்குள் நின்றால் 100 பவுண்டு, லைசென்ஸில் 3 தண்டனைப் புள்ளி. சைக்கிள் சிவப்பைத் தாண்டினால் 50 பவுண்டு. இரண்டு தரப்பும் மீறுகிறார்கள், இரண்டு தரப்பும் மற்றவர் மீறுவதை மட்டும் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

அந்தப் பெட்டிக்குள் யார் ஆடினாலும் யாருக்கும் கவலை இல்லை, ஏனென்றால் பின்னால் இடைவெளி இருக்கிறது. இங்கே கார்க்காரர்கள் சண்டை போடுவது சிவப்பில் போகிறவர்களோடு. சிக்னலில் ஆடிக்கொண்டாவது நிற்கிறானே என்று ட்ராக்ஸ்டாண்ட் ஆளை மன்னித்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 1982லேயே வேறு வழி பார்த்தது. சைக்கிள்காரர் ஸ்டாப் பலகையைப் பார்த்து வேகம் குறைத்து, யாரும் வராவிட்டால் நிற்காமலே போகலாம். சிவப்பு விளக்கில் நின்று, பார்த்துவிட்டுப் போகலாம்.

வெள்ளைக் கார்:
ஐடஹோவில் மாடும் உருளைக்கிழங்கும்தான் அதிகம். எல்பி ரோட்டில் யாரும் வராத நேரம் எது என்று சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் அமெரிக்கா பேச்சை எடுத்ததால் என் பக்கமும் ஒன்று. 2015இல் டெக்ஸஸின் ஆஸ்டினில் கூகுளின் தானோட்டிக் கார் ஒன்று நாலு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் நின்றது. எதிரில் ஃபிக்ஸியில், அதாவது பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும் சைக்கிளில் ஒரு ஆள், காலை ஊன்றாமல் ஆடிக்கொண்டு நின்றார். கார் அவருக்கு வழி விட்டது. அவர் போகவில்லை. சரி என்று கார் கிளம்பியது. அவர் ஒரு அங்குலம் உருண்டார். கார் பிரேக் போட்டது. மறுபடி கிளம்பியது, மறுபடி உருண்டார், மறுபடி பிரேக். இரண்டு நிமிடம் இதே கூத்து. அந்த சைக்கிள்காரரே இணையத்தில் எழுதிய பிறகுதான் செய்தியாயிற்று. சுற்றிலும் கேமராவும் லேசரும் வைத்த இயந்திரத்துக்கே புரியவில்லை. எனக்கு இருப்பது இரண்டு கண், அதிலும் ஒன்று டைமரில்.

ஒற்றைக்கியர்:
அந்தக் கதையை நான் வேறு மாதிரிப் படித்தேன் சார். இயந்திரத்துக்கு அவர் நிச்சயமில்லாமல் தெரிந்தார், உடனே அது பொறுமையாக நின்றது. அந்த சைக்கிள்காரரும் மனிதர்கள் ஓட்டும் காரைவிட அதன் பக்கத்தில் பத்திரமாக உணர்ந்ததாகத்தான் எழுதினார். சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும். இங்கே சந்தேகம் வந்தால் ஹார்ன் அடித்து நெருக்குகிறார்கள்.

இன்னொன்று, எல்லாரும் கோட்டுக்குப் பின்னால் நிற்பது போலப் பேசுகிறீர்கள். ஜெயந்தி சிக்னலில் சிவப்பு விழுந்தபின் ஜீப்ராவைப் பாருங்கள். பைக் ஒரு வரிசை, ஆட்டோ ஒரு வரிசை, அதற்குப் பின்னால் உங்கள் காரின் மூக்கு. நடந்து போகிறவர் வண்டிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறார். 2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று கொள்கையே வெளியிட்டது. இந்தியாவிலேயே முதல் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. அந்தக் கொள்கை ஜீப்ரா வரைக்கும் வந்து சேரவில்லை. நான் ஆடுகிற ஒரு ஜாண் உங்கள் கண்ணை உறுத்துகிறது, நீங்கள் தாண்டிய ஆறடி உறுத்தவில்லை.

பல்லவன்காரர்:
தம்பி, காரைக் குறை சொன்னால் உன் சைக்கிள் நின்றுவிடாது. நான் கேட்பது ஒன்றுதான். அந்தச் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பி வைத்து ஆட முடியுமா? அப்போது பின்னால் இருப்பவனுக்கு, இவன் ஓரம் போகிறவன் என்றாவது தோன்றும்.

ஒற்றைக்கியர்:
முடியும், ஆனால் கஷ்டம் அண்ணே. இடப்பக்கம் சரிவு. சக்கரத்தை அந்தப் பக்கம் திருப்பினால் வண்டி ஓரச் சாக்கடையைப் பார்த்து உருளும், திரும்ப வராது. ஃபிக்ஸியில் பெடலைப் பின்னால் மிதித்து இழுக்கலாம். சாதாரண வண்டியில் அதுவும் முடியாது, முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உடம்பை மட்டும் ஆட்ட வேண்டும். அவ்வளவு பாடுபடுவதற்குக் காலையே ஊன்றிவிடலாம்.

வெள்ளைக் கார்:
முதல் வரியிலிருந்து நான் சொல்வதும் அதுதானே!

ஒற்றைக்கியர்:
நீங்கள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்துங்கள் சார், எனக்கும் உங்களுக்கும் நடுவே ஆறடி இருக்கும், நான் எந்தப் பக்கம் ஆடினாலும் உங்களுக்கு என்ன? குராய்டன்காரர் சொன்னது அதுதான். கறுப்புக் கண்ணாடி விஷயம் மட்டும் நியாயம். திரும்பிப் பார்த்து ஒரு தலையசைப்பு, அதற்கு எனக்கு ஒன்றும் செலவில்லை.

தேனாம்பேட்டை அக்கா:
ஆளுக்கொரு கோடு கிழிக்கும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்தக் கோடுகள் தடிமனான வெள்ளைப் பெயிண்ட். மழை பெய்தால் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும். ஒற்றைக்கியர், அந்த மெல்லிய டயரை வைத்துக்கொண்டு அதன்மேல் ஆடாதே தம்பி.

ஒற்றைக்கியர்:
மழை பெய்தால் நானே காலை ஊன்றிவிடுவேன் அக்கா.

வெள்ளைக் கார்:
அப்படியா? இந்த வருடம் ஐப்பசி எப்போது பிறக்கிறது?