பழைய காருக்கு இன்ஜெக்டர் கிளீனர்: ஊற்றலாமா, வேண்டாமா?

சாலைவாசி:
என் கார் பெட்ரோல், பதினெட்டு வயதாகிறது. காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயில் பெட்ரோலைத் தூவும் பழைய வகை இன்ஜெக்டர், நான்கு சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் திக்கித் திணறித்தான் பிடிக்கிறது. மைலேஜும் முன்போல் இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. பெட்ரோல் டேங்கில் ஊற்றும் இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் போட்டுப் பார் என்கிறார் ஒருவர். அதெல்லாம் கண்துடைப்பு என்கிறார் இன்னொருவர். பழைய வண்டிக்கு இதனால் உண்மையிலேயே பிரயோஜனம் உண்டா?

ஸ்பேனர்செட்:
கண்துடைப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்து இன்ஜெக்டர் மேல் பழி போட முடியாது. ஸ்பார்க் பிளக் தேய்ந்திருந்தாலும் இதே நடுக்கம் வரும். காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் கரி பிடித்திருந்தாலும் வரும். இன்ஜின் மவுண்ட் ரப்பர் உட்கார்ந்துவிட்டால் இன்ஜின் ஒழுங்காக ஓடினாலும் ஸ்டியரிங் ஆடும். அதற்கு எந்தப் பாட்டில் இருக்கிறது?

காலையில் திக்குவது இன்னொரு கதை. இரவு முழுக்க லைனில் நிற்க வேண்டிய பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிட்டால் அப்படி ஆகும். பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்கும், பம்பில் இருக்கும் செக் வால்வு விட்டிருக்கலாம், இல்லையென்றால் ஏதாவது ஒரு இன்ஜெக்டர் சொட்டலாம். முதலில் எது என்று பாருங்கள், மருந்தை அப்புறம் பேசலாம்.

வேதிப்பிரியன்:
ஸ்பேனர்செட் அண்ணே, எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பாட்டிலுக்கு வா என்றால் அதற்குள் ஆகும் கூலியில் எத்தனை பாட்டில் வாங்கலாம்?

படிவு எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். வண்டி ஓடும்போது இன்ஜெக்டர் முனை பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும், பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருக்கிறதே. இன்ஜினை நிறுத்திய பிறகுதான் வம்பு. பாய்ச்சல் நின்றுவிடும், இன்ஜின் சூடு மேலே ஏறி முனையைச் சுடும், அங்கே ஒட்டியிருக்கும் துளி பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிப் பிசுக்கு மட்டும் மிஞ்சும். அது வெந்து வெந்து வார்னிஷ் ஆகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போய் நிறுத்துவது, மறுபடி எடுப்பது என்று குட்டி ஓட்டமாகவே ஓடும் பழைய வண்டியில் இது நிச்சயம் சேரும்.

இதைக் கரைப்பதற்கென்றே உள்ள மூலப்பொருள் பாலிஈதர் அமீன், சுருக்கமாகப் பி.ஈ.ஏ. அதன் அமீன் முனை பிசுக்கைப் பிடித்துக்கொள்ளும், நீண்ட வால் பெட்ரோலோடு இழுத்துப் போகும். எரியும் அறையின் சூட்டையும் தாங்கும் என்பதால் அங்குள்ள கரியையும் கொஞ்சம் குறைக்கும். இது விளம்பர வாசகம் இல்லை, பல்லாண்டு காலமாகப் பெட்ரோல் கம்பெனிகளே பயன்படுத்திவரும் வேதியியல்.

கணக்குப்பிள்ளை:
பெட்ரோல் கம்பெனிகளே பயன்படுத்துகின்றன அல்லவா, அப்புறம் எதற்குத் தனியாகப் பாட்டில்? அமெரிக்காவில் 1995 முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவு கிளீனர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அது போதாது என்று பி.எம்.டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நான்கும் சேர்ந்து 2004-இல் 'டாப் டியர்' என்று அதைவிடக் கடுமையான தரம் ஒன்றைக் கொண்டுவந்தன. நல்ல பெட்ரோல் போடுகிறவர் பாட்டிலையும் வாங்கினால், குளித்துவிட்டு வந்தவர் மறுபடி வாளியைத் தேடுவது போல.

வேதிப்பிரியன்:
நீங்கள் எடுத்த ஆயுதம் எனக்குத்தான் சாதகம், கணக்கு சார். 2016-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் ஏ.ஏ.ஏ. சோதனை செய்தது. 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான பரிசோதனையில், டாப் டியர் அல்லாத பெட்ரோலில் படிவு சராசரியாக 19 மடங்கு அதிகம். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவைப் போட்ட பெட்ரோலின் லட்சணம் அது! கிளீனரின் தரமும் அளவும் வித்தியாசம் காட்டுகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இவர் பதினெட்டு வருடமாக எந்த பங்கில் என்ன போட்டார் என்று யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது.

கணக்குப்பிள்ளை:
அது படிவு சேராமல் தடுப்பதைப் பற்றிய சோதனை. ஏற்கெனவே வெந்து இறுகியதை ஒரே டேங்கில் கழுவிவிடும் என்று அதில் இல்லை. இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தை மறைத்துத்தான் பாட்டிலே விற்கிறது.

வேதிப்பிரியன்:
பெட்ரோலில் ஏற்கெனவே கலந்திருப்பது கொஞ்சம், பாட்டிலில் வருவது அதைப்போலப் பல மடங்கு செறிவு. அதனால்தான் பாட்டில் கழுவும், பெட்ரோல் காக்கும். ஒரே டேங்கில் முழுசாகப் போய்விடும் என்று நானும் சொல்லவில்லை.

ஸ்பேனர்செட்:
வேதியியல் சரி, ஆனால் பாட்டிலுக்குள் அந்த வேதியியல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்று ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கும், தேடினால் கிடைக்கும். எடுத்துப் படியுங்கள். சிலவற்றில் பெரும்பங்கு மண்ணெண்ணெய் வகை அல்லது நாப்தா, கிளீனர் பேருக்குத்தான். லேபிளில் மட்டும் பளபள இன்ஜின் படம். 'ஆக்டேன் கூட்டும்', 'தண்ணீர் நீக்கும்', 'இன்ஜெக்டர் சுத்தம் செய்யும்' எல்லாம் ஒரே பாட்டில் என்றால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிடும்.

இன்னொன்று. இன்ஜெக்டரைக் கழற்றி பெஞ்சில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான்கு இன்ஜெக்டர், கீழே நான்கு கண்ணாடிக் குழாய். மெஷினை ஓட விட்டால் மூன்று புகைபோல் கூம்பாகத் தூவும், நான்காவது ஒரு பக்கமாக நூல் போல ஒழுகும். குழாயில் பெட்ரோல் மட்டம் நான்காவதில் மட்டும் கீழே நிற்கும். அதைக் கழற்றித் தலைகீழாகப் பார்த்தால், மேல்வாயில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வடிகட்டி இருக்கும். பழைய இரும்பு டேங்க் வண்டிகளில் அதில் துருத்தூள் அடைத்து, செம்மண் பூசியது மாதிரி இருக்கும். துருவைப் பி.ஈ.ஏ. கரைக்காது. உங்கள் பாட்டில் அந்த வாசலிலேயே நின்றுவிடும். வடிகட்டியை மாற்றி, அல்ட்ராசானிக் தொட்டியில் போட்டு, புது ஓ-ரிங் மாட்டினால்தான் வேலை முடியும்.

வேதிப்பிரியன்:
துரு இருந்தால் சரி. இல்லாவிட்டால்? பத்தில் எத்தனை வண்டிக்கு இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டியிருக்கிறது? பழைய வண்டியில் இன்ஜெக்டரைக் கழற்றுவது சும்மா இல்லை. சூட்டில் காய்ந்த பிளாஸ்டிக் கனெக்டர் கையோடு வரும், லாக் உடையும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயில் குழாயில் கசிவு வரும். பாட்டில் ஊற்றினால் கெடுதல் ஒன்றும் இல்லையே, முதலில் ஊற்றிப் பார்க்கட்டும் என்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
'கெடுதல் இல்லையே' என்ற இந்த ஒரு வரியை வைத்துத்தான் பாதிக் கடை ஓடுகிறது. கெடுதல் உண்டு சார். ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் ஆகிக்கொண்டிருக்கும் வண்டியில் பாட்டிலை ஊற்றிவிட்டு 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று டேங்க் டேங்காக ஓட்டினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். பாட்டில் கெடுக்காது, பாட்டிலை நம்பிக் காத்திருப்பது கெடுக்கும்.

மைலேஜ் கூடியது என்பவர்களிடமும் ஒரு கேள்வி. எப்படி அளந்தீர்கள்? பங்கில் தானாக நிற்கும் துப்பாக்கி ஒரு நாள் முன்னால் நிற்கும், ஒரு நாள் பின்னால் நிற்கும். டயர் காற்று, ஏ.சி., டிராஃபிக் என்று அதற்கு மேல் இருக்கிறது. இரண்டு மூன்று சதவீத மாற்றத்தை இந்தக் களேபரத்தில் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பாட்டில் ஊற்றிய அன்று காலும் கொஞ்சம் மென்மையாகத்தான் ஆக்சிலரேட்டரை மிதிக்கும், அது மனித சுபாவம்.

டீசல்தாத்தா:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். டீசல்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பெட்ரோல் பாட்டிலைத் தூக்கி ஊற்றிவிடாதீர்கள். டீசலுக்கான கிளீனர் வேறு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று போகும், இன்ஜெக்டருக்குள் இடைவெளி மைக்ரான் கணக்கு. அங்கே முனையில் கரி பிடிப்பது ஒன்று, உள்ளே சோப்பு மாதிரி படிவு ஒட்டி ஊசி சிக்கிக்கொள்வது இன்னொன்று. முதலாவதற்கு நல்ல கிளீனர் உதவும். இரண்டாவது முற்றிவிட்டால் கழற்றத்தான் வேண்டும். 'சீட்டேன் கூட்டும்' என்று மட்டும் போட்டிருந்தால் அது கிளீனரே இல்லை, ஸ்டார்ட்டிங்குக்கு உதவுவது. கார்புரேட்டர் வண்டிக்கு இன்ஜெக்டர் கிளீனர் கேட்டு வருபவர்களும் உண்டு, அவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை.

புதுவரவு:
என்னுடையது டைரக்ட் இன்ஜெக்ஷன், அவ்வளவு பழசு இல்லை. எனக்கும் இது பொருந்துமா?

வேதிப்பிரியன்:
இன்ஜெக்டர் முனைக்குப் பொருந்தும். இன்டேக் வால்வுக்குப் பொருந்தாது. உங்கள் வண்டியில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போகிறது, வால்வின் முதுகை நனைப்பதே இல்லை. டேங்கில் எதை ஊற்றினாலும் அங்கே போய்ச் சேராது.

ஸ்பேனர்செட்:
இதில் இருவரும் ஒன்று. வால்வில் சேரும் கரிக்கு வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுப்பார்கள்.

சாலைவாசி சார், நீங்கள் காணாமல் போய்விட்டீர்கள். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று கடன் வாங்கி மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு 'லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம்' என்ற எண்ணை இரண்டு இடத்தில் குறியுங்கள், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஒன்று, 2,500 ஆர்.பி.எம்.மில் ஒன்று. கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்று அது சொல்லும், பிளஸ் என்றால் கூட்டுகிறது. உங்கள் வண்டியில் உள்ளே போகும் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் உண்டா என்றும் சொல்லுங்கள்.

சாலைவாசி:
எம்.ஏ.எஃப். உண்டு. ஐடிலில் +11, 2,500-இல் +2. இது நல்லதா கெட்டதா?

ஸ்பேனர்செட்:
கதையே மாறிவிட்டது. இன்ஜெக்டர் எல்லாம் அடைத்திருந்தால் பெட்ரோல் தேவை கூடக் கூட எண்ணும் ஏற வேண்டும், குறைந்தபட்சம் அங்கேயே நிற்க வேண்டும். உங்களுக்கு ஐடிலில் எகிறி, வேகத்தில் இறங்குகிறது. இது பெரும்பாலும் வேக்குவம் கசிவு. சென்சாரைத் தாண்டி எங்கேயோ திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலில் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் இந்தக் கசிவு பெரிய பங்கு. ஆர்.பி.எம். ஏறினால் அது கடலில் கரைத்த மாதிரி. இன்ஜினுக்குள் தேங்கும் புகையை இழுக்கும் பி.சி.வி. ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கட் மூன்றையும் பாருங்கள். பதினெட்டு வருட ரப்பர், கையால் மடக்கினாலே வெடிப்பு தெரியும்.

வேதிப்பிரியன்:
கசிவு இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து இன்ஜெக்டரை விடுதலை செய்ய முடியாது அண்ணே. ஆக்சிஜன் சென்சார் நான்கு சிலிண்டரின் புகையையும் சேர்த்துத்தான் பார்க்கிறது. ஒரே ஒரு இன்ஜெக்டர் குறைவாகத் தூவினால் கம்ப்யூட்டர் நான்குக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டும். சராசரி சரியாகிவிடும், அந்த ஒன்று மட்டும் பட்டினி கிடக்கும், மற்ற மூன்றும் அதிகம் குடிக்கும். டிரிம் எண் அழகாகத்தான் தெரியும், ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டே இருக்கும். இந்த மாதிரி நிலைமையில் கழற்றாமல் வீட்டிலேயே செய்யக்கூடியது பாட்டில் ஒன்றுதான்.

ஸ்பேனர்செட்:
அதற்குத்தான் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் எண்ணிக்கை ஸ்கேனரில் வருகிறது. பல வண்டிகளில் விளக்கு எரிவதற்கு முன்பே அது ஏறும். எண் ஏறும் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையும் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸும் கூடவே போனால் குற்றவாளி காயிலோ பிளக்கோ. போகாமல் அங்கேயே நின்றால் அப்போது இன்ஜெக்டரைச் சந்தேகப்படுங்கள், உங்கள் பாட்டிலையும் திறங்கள். நான் தடுக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
ஹோஸையும் மாற்றி அன்றைக்கே பாட்டிலையும் ஊற்றிவிடாதீர்கள். நடுக்கம் நின்றதும் 'அடடா, பாட்டில் அற்புதம்' என்று ஊரெல்லாம் எழுதுவீர்கள். இப்படித்தான் இதற்குப் பேர் வந்தது.

சாலைவாசி:
சரி. இந்த வாரம் ஹோஸ் பார்க்கிறேன், மிஸ்ஃபயர் எண்ணையும் குறிக்கிறேன். டிரிம் இறங்கிய பிறகும் நடுக்கம் மிச்சமிருந்தால் பாட்டில். ஊற்றுவதாக இருந்தால் எப்படி?

வேதிப்பிரியன்:
பி.ஈ.ஏ. என்று பாதுகாப்புத் தகவல் தாளில் வெளிப்படையாகப் போட்டிருப்பதை வாங்குங்கள். டேங்க் காலியாகப் போகும் சமயத்தில் முதலில் பாட்டில், அதன் மேல் பெட்ரோல், அப்போதுதான் நன்றாகக் கலக்கும். லேபிளில் சொன்ன அளவுதான், இரண்டு பாட்டிலாக ஊற்றினால் இரண்டு மடங்கு சுத்தம் ஆகாது. அந்த டேங்கை நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக ஓட்டுங்கள், கால்வாசியாகக் குறையும்வரை மறுபடி நிரப்பாதீர்கள். இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பு ஊற்றினால் நல்லது, பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் கிளீனர் ஆயிலில் இறங்கும்.

ஸ்பேனர்செட்:
ஃபியூயல் ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று நினைவிருக்கிறதா? இல்லை என்றால் அதையும் பாட்டிலுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.